சளியில் ரத்தம் என்றால் சிறுநீரையும் அன்றைக்கே பாருங்கள்

நாற்பது வயதுக்காரர் ஒருவருக்கு இரண்டு வாரமாக இருமல். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. சளியில் கோடு கோடாக ரத்தம். எக்ஸ்ரேயில் இரண்டு பக்கமும் வெள்ளைத் திட்டுகள். நம் ஊரில் இதற்கு முதலில் எழும் பெயர் டிபி, அடுத்தது நிமோனியா. பெரும்பாலும் அந்த இரண்டில் ஒன்றாகவே முடியும். ஆனால் அவருடைய ஹீமோகுளோபின் போன மாதம் 13, இன்று 8.5 என்றால்? கிட்னி கெட்டால் ஏறும் கிரியாட்டினின் முன்பு 0.9, இன்று 2.4 என்றால்? அப்போது நெஞ்சுக்கு ஒரு டாக்டர், கிட்னிக்கு ஒரு டாக்டர் என்று பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை. ஒரே நோய் இரண்டு இடத்திலும் ரத்தக் குழாயைக் கிழித்துக்கொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு அன்றைக்கே வேலையைத் தொடங்க வேண்டும்.

அந்த வேலை என்ன, எந்த வரிசையில் செய்வது, எங்கே தவறுகிறது என்பதுதான் இந்தப் பதிவு. ஹவுஸ் சர்ஜன்களுக்கும் லேப் டெக்னீஷியன்களுக்கும் பயன்படும். நோயாளியோடு வராந்தாவில் காத்திருக்கும் வீட்டாரும் படிக்கலாம், எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்று தெரியும். இந்த நோய்கள் நழுவிப்போவதற்குப் பெரிய கருவிகள் இல்லாதது அரிதாகவே காரணம். சிறுநீரை யாரும் நேரத்தோடு பார்க்காததும், எடுத்த மாதிரியைத் தப்பான பாட்டிலில் போட்டதும்தான் அதிகம் கெடுக்கின்றன.

நுரையீரலின் காற்று நுண்ணறையிலும் சிறுநீரகத்தின் வடிகட்டிச் சுருளிலும் ரத்தக் குழாய்கள் மிக மெல்லியவை. இரண்டையும் ஓர் அடிச்சவ்வு தாங்கி நிற்கிறது. அதில் நான்காம் வகைக் கொலாஜன் இருக்கிறது. அந்தக் கொலாஜனின் ஆல்ஃபா 3 சங்கிலியின் ஒரு முனை உடம்பில் மிகச் சில இடங்களில்தான் உண்டு, அவற்றில் முக்கியமானவை இந்த இரண்டும். உடம்பு அந்த முனைக்கு எதிராகவே எதிர்ப்பொருள் உண்டாக்கினால் அதுதான் ஆன்டி ஜிபிஎம் நோய் (ஜிபிஎம் என்பது சிறுநீரக வடிகட்டியின் அடிச்சவ்வு). பழைய பெயர் குட்பாஸ்ச்சர் நோய். எர்னெஸ்ட் குட்பாஸ்ச்சர் 1919-இல் அமெரிக்காவில் 18 வயது இளைஞர் ஒருவரின் உடற்கூறு ஆய்வை எழுதினார். நுரையீரலில் ரத்தக் கசிவு, சிறுநீரகத்தில் அழற்சி. அந்த இளைஞருக்குக் குடலிலும் மண்ணீரலிலும்கூடப் புண் இருந்ததால், இன்று பார்த்திருந்தால் வேறு பெயர் சூட்டியிருப்பார்கள் என்றே தோன்றுகிறது. 1958-இல் ஆஸ்திரேலியாவில் ஸ்டான்டன், டாஞ்ச் இருவரும் ஒன்பது நோயாளிகளை விவரித்தபோது குட்பாஸ்ச்சரின் பெயரை இட்டார்கள். 1967-இல் லெர்னர், கிளாசாக், டிக்சன் மூவரும் நோயாளியின் சிறுநீரகத்திலிருந்து பிரித்த எதிர்ப்பொருளைக் குரங்குகளுக்குச் செலுத்தி, அதே நோய் வருவதைக் காட்டினார்கள். எதிர்ப்பொருள் வெறும் அடையாளம் மட்டுமில்லை, நோயை உண்டாக்குவதே அதுதான் என்று அப்போது உறுதியானது. பிளாஸ்மாவை மாற்றி எதிர்ப்பொருளை வெளியே எடுக்கும் சிகிச்சைக்கு அடிப்படை இதுதான்.

இந்த நோய் பத்து லட்சம் பேரில் ஆண்டுக்கு ஒருவருக்கு வரும் அளவுக்கு அரிது. இதைவிட அடிக்கடி வருவது ஆன்கா நோய்கள். இவற்றில் எதிர்ப்பொருளின் குறி, நியூட்ரோஃபில் வெள்ளையணுக்குள் இருக்கும் புரதங்கள்: பிஆர்3 அல்லது எம்பிஓ. வெறிபிடித்த வெள்ளையணுக்கள் சிறு ரத்தக் குழாயின் சுவரைத் தாக்குகின்றன. வெகெனர் நோய் என்று முன்பு சொன்ன ஜிபிஏ, நுண்குழாய் அழற்சியான எம்பிஏ, ஆஸ்துமாவோடு சேர்ந்து வரும் ஈஜிபிஏ ஆகிய மூன்றும் இந்தக் குடும்பம். உடம்பு தன்னையே தாக்கும் லூபஸும் இதே காட்சியைத் தரும். அபூர்வமாக, குளிரில் படியும் புரதங்களால் வரும் கிரையோகுளோபுலின் நோயும் தரும்.

நுரையீரலில் முதலில் ஏமாற்றுவது, ரத்தம் வெளியே வராமலே இருப்பது. நுண்ணறைகள் முழுக்க ரத்தம் நிறைந்தும், ஏறக்குறைய மூன்றில் ஒருவர் இருமும்போது ரத்தம் துப்புவதில்லை. ரத்தம் காற்றுப்பாதைக்கு ஏறி வராமல் நுண்ணறையிலேயே தங்கிவிடுகிறது. அதனால் 'சளியில் ரத்தம் இல்லை' என்று கேஸ் ஷீட்டில் எழுதி நோயை ஒதுக்கிவிடக் கூடாது. ஹீமோகுளோபினைப் பாருங்கள். மலத்தில் ரத்தம் இல்லை, மாதவிடாய் மிகுதி இல்லை, ஆனாலும் சில நாட்களில் 2 கிராமோ அதற்கு மேலோ இறங்கி, எக்ஸ்ரேயில் புதுத் திட்டும் வந்திருந்தால், அந்த ரத்தம் போன இடம் நுரையீரல்தான். திட்டுகள் பெரும்பாலும் நடுப்பகுதியிலும் கீழும் பரவி, உச்சியை ஓரளவு விட்டுவைக்கும். டிபி உச்சியை விரும்பும் நோய். இது உறுதியான விதி இல்லை, ஆனால் உச்சி தெளிவாக இருக்கும் படத்தைப் பார்த்ததும் ஒரு கணம் நிற்க வேண்டும். சிடி எடுத்தால் புகை படிந்த கண்ணாடி போல மங்கல் தெரியும். ஜிபிஏ என்றால் கட்டிகளும், நடுவில் குழி விழுந்த கட்டிகளும் இருக்கும். அந்தக் குழியும் டிபி என்றே படிக்கப்படும்.

சந்தேகம் தீராவிட்டால் பிராங்கோஸ்கோப். குழாயை வலது நடு மடலிலோ இடது லிங்குலாவிலோ அழுத்தி நிறுத்தி, ஒரே இடத்தில் 50 முதல் 60 மில்லி சலைனை மூன்று முறை விட்டு உறிஞ்ச வேண்டும். மூன்றையும் தனித்தனி பாட்டிலில் வரிசையாக வைக்க வேண்டும். மேலே எங்கோ கசிந்து வழிந்த ரத்தம் என்றால் கழுவக் கழுவ வெளுக்கும். நுண்ணறையிலிருந்து வருவதென்றால் இரண்டாவது முதலாவதைவிடச் சிவக்கும், மூன்றாவது இன்னும் சிவக்கும். மூன்றையும் ஒரே பாட்டிலில் கலந்து அனுப்பினால் இந்தத் தகவல் முழுக்கப் போய்விடும். மீதியைச் சைட்டாலஜிக்கு அனுப்பி இரும்புச் சாயம், அதாவது பிரஷ்யன் நீலம், போடச் சொல்லுங்கள். ரத்தத்தை விழுங்கிய மேக்ரோஃபேஜ் செல்கள் 20 சதவீதம் அல்லது அதற்கு மேல் நீலமாக நின்றால் கசிவு உறுதி. ரத்தத்திலிருந்து இரும்பைப் பிரித்துச் சேமிக்க அந்தச் செல்களுக்கு இரண்டு நாளாவது ஆகும். நேற்று ராத்திரி தொடங்கிய கசிவில் இந்தச் சாயம் ஒன்றும் காட்டாது. பிராங்கோஸ்கோப்பின் இன்னொரு பயன், அதே திரவத்தில் டிபியும் பூஞ்சையும் பிற கிருமிகளும் இருக்கின்றனவா என்று பார்த்துவிடலாம். நுரையீரலிலிருந்து சதை எடுப்பது பெரும்பாலும் வீண், ஆபத்தும் அதிகம்.

இனி சிறுநீர். இந்தப் பதிவில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

காலை முதல் சிறுநீர் கெட்டியாகவும் புளிப்பாகவும் இருப்பதால் நல்லது. ஆனால் அவசரத்தில் எந்த நேரத்துச் சிறுநீரும் போதும். நடுத்தாரையில் பிடிக்க வேண்டும். பிடித்த ஒரு மணி நேரத்துக்குள், அதிகம் போனால் இரண்டு மணிக்குள் நுண்ணோக்கியில் வைத்துவிட வேண்டும். 10 மில்லி எடுத்து, 400 ஜி விசையில் 5 நிமிடம் சுழற்றி, மேலே உள்ள 9.5 மில்லியைக் கொட்டிவிட்டு, அடியில் இருக்கும் அரை மில்லியை மெதுவாகக் கலக்கி ஒரு துளி. கண்டென்சரை இறக்கி வெளிச்சத்தைக் குறையுங்கள். வெளிச்சம் கூடினால் காஸ்ட், அதாவது சிறுநீரகக் குழாயில் உறைந்து அதன் வடிவிலேயே வெளிவரும் அச்சு, கண்ணுக்கே தெரியாது. முதலில் குறைந்த பெருக்கத்தில் கவர் கண்ணாடியின் ஓரங்களைச் சுற்றிப் பாருங்கள், காஸ்ட்கள் அங்கேதான் ஒதுங்கும். பிறகு நானூறு மடங்கில் சிவப்பணுக்களின் வடிவம். சிறுநீர்ப்பையிலிருந்தோ கல் உரசியோ வந்த அணுக்கள் வட்டமாக, ஒன்று போல இருக்கும். சிதைந்த வடிகட்டிச் சவ்வின் வழியாகப் பிதுங்கி வந்தவை நெளிந்தும் கிழிந்தும், சில வளையத்தில் குமிழ் முளைத்தது போலவும் இருக்கும். இந்தக் குமிழ் அணுக்களுக்கு அகாந்தோசைட் என்று பெயர். இவை 5 சதவீதம் இருந்தாலே குளோமெருலஸ் (வடிகட்டிச் சுருள்) நோய் என்று வலுவாகச் சொல்லலாம். சிவப்பணுக் காஸ்ட் ஒன்றே ஒன்று கிடைத்தாலும் போதும்.

ஆனால் நடப்பது வேறு. காலை ஆறு மணிக்குப் பிடித்த சிறுநீர் மதியம்வரை வார்டு மேசையில் கிடக்கிறது. நேரம் ஆக ஆகச் சிறுநீர் காரமாகிறது, காஸ்ட் கரைகிறது, அணுக்கள் வெடிக்கின்றன. ரிப்போர்ட்டில் 'ஆர்பிசி 8 முதல் 10' என்று ஒரு வரி வருகிறது. அதைப் பார்ப்பவர் 'யூரின் இன்ஃபெக்‌ஷன்' என்று ஆன்டிபயாடிக் எழுதுகிறார். டிப்ஸ்டிக்கில் ரத்தம் மூன்று பிளஸ், புரதம் இரண்டு பிளஸ், நைட்ரைட் இல்லை, கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை என்ற கூட்டணி இருந்தால் அது கிருமித்தொற்று இல்லை. மெஷினில் கொடுக்கும் லேபாக இருந்தால், ரெக்வெஸ்ட் படிவத்தில் 'அணு வடிவமும் காஸ்ட்டும் கண்ணால் பார்க்கவும்' என்று எழுதிக் கேட்க வேண்டும். இன்னும் நல்லது, டாக்டரே டியூபை எடுத்துக்கொண்டு லேபுக்குப் போவது. இதைச் செய்யும் நெஃப்ராலஜி யூனிட்டுகளில் பயாப்சிக்கு முன்பே பாதி விடை கையில் இருக்கும்.

கிரியாட்டினினை நம்பும்போதும் ஒரு கவனம். அது பின்தங்கி ஏறும் எண். 65 வயதுப் பெண்ணுக்கு 1.2 என்றால் பல லேப்களின் ரிப்போர்ட்டில் அது ஏறக்குறைய 'நார்மல்' வரம்புதான், ஆனால் வடிகட்டும் திறன் 50-ஐ ஒட்டி நிற்கிறது. எலும்பும் தோலுமாக இளைத்தவருக்கு இந்த எண் இன்னும் ஏமாற்றும். ஒற்றை எண்ணால் பயனில்லை. பழைய ரிப்போர்ட் எங்கே என்று வீட்டாரைக் கேளுங்கள். அறுவைச் சிகிச்சைக்கோ இன்ஷூரன்சுக்கோ மாஸ்டர் செக்கப்புக்கோ எப்போதாவது ரத்தம் கொடுத்திருப்பார்கள். பழையது கிடைக்காவிட்டால் நாளையும் நாளை மறுநாளும் திரும்பப் பார்த்தால் சரிவு தெரியும். ஆன்டி ஜிபிஎம் நோயில் நாட்கணக்கில் ஏறும்.

டிபியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் இந்த நோய்களை மறைக்கும் பெரிய திரை அதுதான். சளியில் டிபி கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் அல்லது ட்ரூநாட் டெஸ்ட் அரசு மருத்துவமனைகளில் இலவசம். அதைச் செய்யாமல் எக்ஸ்ரேயை மட்டும் வைத்து டிபி மருந்தைத் தொடங்கினால் மூன்று விதத்தில் இடிக்கும். முதலாவது, ரிஃபாம்பிசின் சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும். அதன் பிறகு சிறுநீர் காபி நிறத்துக்கு மாறினாலும் 'மாத்திரையால்தான்' என்று நினைத்து நோயாளி சொல்லமாட்டார், டாக்டரும் கேட்கமாட்டார். இரண்டாவது, ரிஃபாம்பிசின் தானே சிலருக்குச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கிரியாட்டினின் ஏறினால் பழி மருந்தின் மேல் விழுந்து, மருந்தை நிறுத்திப் பார்ப்பதிலேயே ஒரு வாரம் போய்விடும். மூன்றாவது, கடைசியில் சரியான நோயைக் கண்டு ஸ்டீராய்டு தொடங்கினாலும், ரிஃபாம்பிசின் தூண்டிவிட்ட கல்லீரல் நொதிகள் பிரெட்னிசலோனை வேகமாக அழித்துவிடும். கொடுத்த அளவு ஒன்று, வேலை செய்யும் அளவு வேறு.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. டிபி உள்ளவர்களில் சிலருக்கு ஆன்கா பாசிட்டிவ் ஆக வரும். ஆன்கா வந்துவிட்டது என்ற ஒன்றை மட்டும் வைத்து டிபியைக் கைவிட்டு ஸ்டீராய்டு ஏற்றினால் உயிருக்கே ஆபத்து. தீர்ப்பு சொல்வது சிறுநீர்: டிபி மட்டும் இருந்தால் நெளிந்த சிவப்பணுவும் காஸ்ட்டும் ஏறும் கிரியாட்டினினும் ஒன்றாக வருவது வழக்கமில்லை.

இதய வால்வு நோய் உள்ளவருக்குக் காய்ச்சலும் இந்தக் காட்சியும் சேர்ந்து வந்தால் எண்டோகார்டைட்டிஸ், அதாவது இதய உட்சுவரில் கிருமித்தொற்று, என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். அதிலும் பிஆர்3 ஆன்கா பாசிட்டிவ் வரலாம், சிறுநீரில் காஸ்ட்டும் வரலாம், அதனால் இதுதான் ஆகக் கடினமான போலி. ஆன்டிபயாடிக்குக்கு முன் மூன்று செட் கல்ச்சர், ஒரு எக்கோ. ஐப்பசி கார்த்திகை மழையில் எலிக்காய்ச்சலையும் மறக்கக் கூடாது. அதுவும் நுரையீரலில் ரத்தம் கசியச் செய்யும், கிட்னியை நிறுத்தும். ஆனால் கெண்டைக்காலில் அழுத்தமுடியாத வலி, கண் சிவப்பு, மஞ்சள் காமாலை, தட்டணுக் குறைவு, குறைந்த பொட்டாசியம் என்று அதன் முகம் வேறு. முதல் சில நாட்களில் ஐஜிஎம் எதிர்ப்பொருள் டெஸ்ட் நெகட்டிவ் வருவதால் அதை வைத்து ஒதுக்கக் கூடாது. கிட்னி நின்று நீர் கோத்து நுரையீரல் நிறைவதும் பலமுறை ரத்தக் கசிவு போலத் தோன்றும். டயாலிசிஸில் நீரை எடுத்த ஓரிரு நாளில் எக்ஸ்ரே தெளிந்தால் அது நீர்தான்.

உடம்பைப் பார்க்கும் ஐந்து நிமிடம் பல டெஸ்டுகளை மிச்சப்படுத்தும். மூக்கில் பொருக்கு, அடிக்கடி மூக்கில் ரத்தம், மூக்குத்தண்டு குழிந்திருப்பது, காது அடைத்துக் கேட்காமல் போவது, கண்ணின் வெள்ளை சிவந்து வலிப்பது எல்லாம் ஜிபிஏ பக்கம் கை காட்டும். பெரிய வயதில் புதிதாக ஆஸ்துமா, பிறகு ஒரு பாதம் தொங்கிச் செருப்பு கழன்று விழுவது என்றால் ஈஜிபிஏ. இதில் ஈயோசினோஃபில் வெள்ளையணுக்களின் எண்ணிக்கை 1000-ஐத் தாண்டும், ஆனால் வீசிங்குக்கு ஒரு ஸ்டீராய்டு ஊசி போட்டாலே அந்த எண் விழுந்துவிடும். ஊசிக்கு முன் எடுத்த ரத்தம்தான் கணக்கு. யானைக்கால் புழுவால் வரும் ஈயோசினோஃபிலியாவும் நம் பக்கத்தில் உண்டு, அது டிஇசி மாத்திரைக்கு அடங்கும், கிட்னியை இப்படித் தாக்காது. காலில் தடவினால் தட்டுப்படும் சிவப்புப் புள்ளிகள் ஆன்கா நோயிலும் கிரையோகுளோபுலினிலும் வரும். இளம்பெண், மூட்டு வலி, முடி உதிர்வு, வாய்ப்புண் என்றால் லூபஸ். ஆன்டி ஜிபிஎம் நோய்க்கு இப்படி வெளி அடையாளம் ஏதுமில்லை. அதன் ஒரே குறிப்பு பல நேரம் சிகரெட்தான்: நுரையீரல் ரத்தக் கசிவு பெரும்பாலும் புகைப்பவர்களுக்கே வருகிறது. தைராய்டுக்குப் புரொப்பில்தையோயுரசில், ரத்த அழுத்தத்துக்கு ஹைட்ரலசின் எடுப்பவரா என்றும் கேளுங்கள். இந்த மருந்துகள் எம்பிஓ ஆன்காவை மிக உயர்ந்த அளவில் வரவழைக்கும். மருந்தை நிறுத்துவதுதான் அங்கே முதல் சிகிச்சை.

ரத்தப் பரிசோதனையில் முக்கிய விதி ஒன்றுதான்: பிளாஸ்மா மாற்றுவதற்கும், பிளாஸ்மா ஏற்றுவதற்கும், இம்யூனோகுளோபுலின் கொடுப்பதற்கும் முன்னால் மாதிரியை எடுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு எடுத்தால் நோயாளியின் எதிர்ப்பொருள் பாதி போயிருக்கும், கொடையாளியுடையது கலந்திருக்கும். எந்த டெஸ்ட் என்று முடிவாகாவிட்டாலும் 5 மில்லி சீரம் பிரித்து ஃப்ரீசரில் வைக்கச் சொல்லுங்கள். பின்னால் அதை நன்றியோடு நினைப்பீர்கள்.

அனுப்ப வேண்டியவை: ஆன்டி ஜிபிஎம், பிஆர்3 மற்றும் எம்பிஓ, லூபஸுக்கான ஏஎன்ஏ, டிஎஸ் டிஎன்ஏ, காம்ப்ளிமென்ட் புரதங்களான சி3, சி4, ஹெச்ஐவி, மஞ்சள் காமாலை பி மற்றும் சி. இதில் சி3, சி4 அன்றைக்கே வரும் மலிவான டெஸ்ட், வழியையும் பிரித்துக் காட்டும். குறைந்திருந்தால் லூபஸ், எண்டோகார்டைட்டிஸ், கிரையோகுளோபுலின், தொற்றுக்குப் பின் வரும் நெஃப்ரைட்டிஸ். நார்மலாக இருந்தால் ஆன்கா அல்லது ஆன்டி ஜிபிஎம் பக்கம் எடை கூடும். கிரையோகுளோபுலின் சந்தேகம் என்றால் ரத்தத்தை 37 டிகிரியில், வெந்நீர்க் குடுவையிலோ மணல் குடுவையிலோ வைத்தபடியே லேபுக்குக் கொண்டுபோய், சூட்டிலேயே சீரம் பிரிக்க வேண்டும். பிறகு 4 டிகிரியில் ஏழு நாள் வைத்துப் பார்க்க வேண்டும். ஏசி அறையில் டியூபை ஸ்டாண்டில் வைத்துவிட்டு அனுப்பினால் கிரையோ ரத்தக் கட்டியோடு இறங்கிவிடும், ரிப்போர்ட் நெகட்டிவ் என்றே வரும்.

ஆன்காவைப் பழைய முறையில் ஒளிரும் சாயத்தால் பார்த்து, சி ஆன்கா, பி ஆன்கா என்று சொல்வார்கள். ஆல்கஹாலில் பதித்த வெள்ளையணுவில் எம்பிஓ உட்கருவைச் சுற்றி நகர்ந்துகொள்வதால் வரும் தோற்றம்தான் பி. ஏஎன்ஏ இருந்தாலும் உட்கரு அதே போல ஒளிரும். எனவே லூபஸ் நோயாளிக்குப் பொய்யான பி ஆன்கா எளிதாக வரும். 2017-இல் வெளியான சர்வதேச ஒப்புதல் தெளிவாகச் சொல்லிவிட்டது: தரமான பிஆர்3, எம்பிஓ டெஸ்டையே முதலில் செய்யலாம், சாயமுறை கட்டாயமில்லை. ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் பிஆர்3, எம்பிஓ அளவையே கேட்டு வாங்குங்கள். வெறும் 'பி ஆன்கா பாசிட்டிவ்' என்ற காகிதத்தை வைத்து யாருக்கும் நோயெதிர்ப்பை அடக்கும் சைக்ளோஃபாஸ்ஃபமைடு எழுதக் கூடாது.

நெகட்டிவ் என்பதற்கும் முழு அதிகாரம் இல்லை. ஆன்டி ஜிபிஎம் நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு ரத்தத்தில் எதிர்ப்பொருள் பிடிபடாது, சவ்வில் போய் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆன்கா வகைச் சிறுநீரக நோயிலும் ஏறக்குறைய அதே விகிதம் நெகட்டிவ். ஈஜிபிஏவில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ஆன்காவே இருக்காது. இன்னொரு பக்கம், ஆன்டி ஜிபிஎம் பாசிட்டிவ் ஆனவர்களில் மூன்றில் ஒருவருக்கு ஆன்காவும், பெரும்பாலும் எம்பிஓ, சேர்ந்தே இருக்கும். ஒன்று பாசிட்டிவ் வந்துவிட்டது என்று மற்றதை ரத்து செய்யாதீர்கள். இரட்டை பாசிட்டிவ் உள்ளவர் ஆரம்பத்தில் ஆன்டி ஜிபிஎம் போல வேகமாக விழுவார், பிற்காலத்தில் ஆன்கா போலத் திரும்ப விழுவார். தனித்த ஆன்டி ஜிபிஎம் திரும்ப வருவது அபூர்வம். பின்தொடரும் ஆண்டுக்கணக்கு இதனால் மாறும்.

கிட்னி பயாப்சிதான் கடைசி நீதிமன்றம். செய்யும் முன் ரத்த அழுத்தம் 140/90-க்குள், ஐஎன்ஆர் 1.5-க்குள், தட்டணு போதுமான அளவு, இரண்டு கிட்னியும் இருக்கிறதா என்று ஸ்கேன். யூரியா மிக ஏறியிருந்தால் தட்டணு எண்ணிக்கை சரியாக இருந்தாலும் வேலை செய்யாது, கிலோவுக்கு 0.3 மைக்ரோகிராம் டெஸ்மோபிரெசின் கொடுப்பது வழக்கம். அல்புமின் மட்டும் கொண்டு பிளாஸ்மா மாற்றிய அன்றைக்கே ஊசி போட்டால் உறைபொருள்கள் வெளியேறியிருப்பதால் ரத்தம் கொட்டும். முடிந்தால் பயாப்சி முதலில். 16 அல்லது 18 கேஜ் ஊசியில் இரண்டு துண்டு. எடுத்த உடனே நுண்ணோக்கியில் புறணிப் பகுதிதானா, குளோமெருலஸ் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும், குறைந்தது பத்து குளோமெருலஸ் வேண்டும்.

பிறகுதான் அதிகம் கெடும் இடம். ஒரு துண்டு ஃபார்மலினுக்கு. இன்னொன்று, எதிர்ப்பொருளை ஒளிரும் சாயத்தில் பார்க்கும் இம்யூனோஃப்ளோரசென்ஸுக்கு. அதை ஃபார்மலினில் போட்டுவிட்டால் ஒளிரும் சாயம் பிடிக்காமல் போய், நோயின் பெயரே கிடைக்காமல் போகும். சலைனில் நனைத்துச் சில மணி நேரத்தில் லேபுக்குக் கொண்டுபோக வேண்டும். வெளியூர் லேப் என்றால் மிஷெல் திரவம், அதில் அறை வெப்பத்திலேயே சில நாட்கள் தாங்கும். பயாப்சி நாளுக்கு முந்தின நாளே அந்த பாட்டில் வார்டில் இருக்கிறதா என்று பாருங்கள். ஊசி உள்ளே போன பிறகு தேடுவது தாமதம்.

ஒளிரும் படம் மூன்று விதம். அடிச்சவ்வு முழுக்கக் கோடு இழுத்தது போல ஐஜிஜி மின்னினால் ஆன்டி ஜிபிஎம். ஒன்றும் மின்னாமல் இருட்டாக இருந்து, சாதா சாயத்தில் மட்டும் அழிவும் பிறையும் (குளோமெருலஸில் பிறை வடிவில் குவியும் செல்கள்) தெரிந்தால் ஆன்கா. மணல் தூவியது போல ஐஜிஜி, ஐஜிஏ, ஐஜிஎம், சி3, சி1கியூ எல்லாமே மின்னினால் லூபஸ். நீண்டநாள் சர்க்கரை நோயாளிக்கும் கோடு போல ஐஜிஜி தெரியும், கூடவே அல்புமினும் அதே கோட்டில் மின்னும், பிறை இருக்காது. பிறைகளின் வயதும் பேசும். ஆன்டி ஜிபிஎம்மில் எல்லாம் ஒரே வயது, ஒரே வாரத்தில் முளைத்தவை போல. ஆன்காவில் ஒன்று புதிது, ஒன்று நார் ஏறியது, ஒன்று முழுக்கத் தழும்பு.

இத்தனையும் வரும்வரை காத்திருக்கலாமா என்றால், கூடாது. லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் 71 ஆன்டி ஜிபிஎம் நோயாளிகளின் கணக்கு 2001-இல் வெளியானது. எல்லாருக்கும் பிளாஸ்மா மாற்றம், ஸ்டீராய்டு, சைக்ளோஃபாஸ்ஃபமைடு. வரும்போது கிரியாட்டினின் 5.7-க்குக் கீழே இருந்தவர்களில் ஓராண்டு கழித்துக் கிட்னி வேலை செய்தது 95 சதவீதம் பேருக்கு. அதற்கு மேல் இருந்தும் உடனே டயாலிசிஸ் தேவைப்படாதவர்களில் 82 சதவீதம். வரும்போதே டயாலிசிஸில் இருந்தவர்களில் 8 சதவீதம். அதே மருந்து, அதே மருத்துவமனை. வித்தியாசம் எந்த நாளில் வந்தார்கள் என்பது மட்டும்தான். ஆன்டி ஜிபிஎம் ரிப்போர்ட் வெளியூர் லேபிலிருந்து வர ஐந்து நாள் ஆகும் ஊரில், ரத்தக் கசிவும் காஸ்ட்டும் சேர்ந்திருந்தால் மாதிரியை எடுத்துவிட்டு அன்றைக்கே மெதில்பிரெட்னிசலோன் 500 முதல் 1000 மில்லிகிராம் தொடங்கி, பிளாஸ்மா மாற்றும் வசதி உள்ள இடத்துக்கு அனுப்புவதே சரி. தொற்று என்ற சந்தேகமும் நிற்கிறது என்றால் ஆன்டிபயாடிக் சேர்ந்தே ஓடட்டும். ஏற்கெனவே டயாலிசிஸில் இருந்து, பயாப்சியில் எல்லா குளோமெருலஸிலும் பிறை தெரிந்து, நுரையீரலில் கசிவும் இல்லை என்றால் மட்டும் தீவிர சிகிச்சையால் வரும் தொற்று ஆபத்து அதன் பயனைவிட அதிகம்.

ஆன்காவில் பிளாஸ்மா மாற்றத்துக்கு அந்த அளவு ஆதாரம் இல்லை. 704 பேரை வைத்து 2020-இல் வெளிவந்த பெக்சிவாஸ் ஆய்வில் அது மரணத்தையும் கிட்னி இழப்பையும் சேர்த்துப் பார்த்தபோது குறைக்கவில்லை, ஸ்டீராய்டைக் குறைந்த அளவில் கொடுத்தாலும் பலன் குறையவில்லை. ஆகவே எந்த நோய் என்று பெயரிடுவது ஏட்டுச் சடங்கு இல்லை. பதினான்கு நாள் பிளாஸ்மா மாற்றத்தின் செலவும் ஆபத்தும் அந்தப் பெயரில்தான் தொங்குகின்றன. ஒரு முறை மாற்ற 4 லிட்டர் 5 சதவீத அல்புமின் தேவை என்றால் 20 சதவீத 100 மில்லி பாட்டில் பத்து வாங்கி வரச் சொல்வார்கள். அதை நார்மல் சலைனில்தான் கலக்க வேண்டும், ஒரு பங்குக்கு மூன்று பங்கு. டிஸ்டில்டு வாட்டரில் கலந்தால் சிவப்பணுக்கள் வெடிக்கும்.

ஆன்டி ஜிபிஎம் உறுதியான பிறகு எதிர்ப்பொருள் அளவைத் தொடர்ந்து பார்த்து, அது மறையும்வரை பிளாஸ்மா மாற்றத்தைத் தொடர்வார்கள். மாற்றி முடித்த உடனே எடுத்த மாதிரி பொய்யாகக் குறைவாக வரும், திசுவில் இருப்பது ஓரிரு நாளில் ரத்தத்துக்குத் திரும்பும். அடுத்த மாற்றத்துக்குச் சற்று முன் எடுத்த ரத்தத்தையே கணக்கில் கொள்ளுங்கள்.